ரத்தினவேல் நீக்கிய பெயர்கள்

ரத்தினவேல் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு ஒரு கட்டைவிரல்தான் நினைவுக்கு வரும். சமோசா எண்ணெய் பளபளக்கும் கட்டைவிரல். ஆர்.கே.புரத்தில் எங்கள் தமிழ் நண்பர் மன்றம் வாடகைக்கு எடுக்கும் சின்ன ஹாலில், பத்மநாபனுக்கு ஓய்வுப் பாராட்டு நடந்த அன்று பார்த்தது. பத்மநாபன் ஒரு அமைச்சகத்தில் இயக்குநராக இருந்தவர். ரத்தினவேலை கௌஹாத்திக்குத் தூக்கியடிக்க உத்தரவு தயாரானபோது மேலே பேசி அதை நிறுத்தியவர். இதை ரத்தினவேலே மேடையில் சொன்னார். குரல் தழுதழுக்கச் சொன்னார். பொன்னாடை போர்த்தினார், காலில் விழுந்தார். பிறகு கீழே இறங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் சமோசாத் தட்டைப் பிடித்தபடி, செயலாளர் என்று அவரிடம் ஒப்படைத்திருந்த மன்றத்து டேப்லெட்டை மடியில் வைத்து, அதில் புது மெயிலைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் ஓர் எழுத்தைத் தட்டினார். பத்மநாபன் பெயர் தானாக வந்து நின்றது. அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்தார். நீக்கவா என்று கேட்டது. தட்டினார். பெயர் போயிற்று.

"என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மேடம். திங்கள்கிழமை அந்த சீட்ல கன்னா மேடம் வந்து உக்கார்றாங்க. பழசு கிடந்தா குழப்பம். சாஃப் பண்ணிட்டா நிம்மதி" என்றார், சமோசாவைக் கடித்துக்கொண்டே.

மேடையில் பத்மநாபன் இன்னும் மாலையோடுதான் நின்றிருந்தார். யாரோ அவரைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் தட்டை அப்படியே நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ரத்தினவேலுக்கு நான் 'ர்' போட்டு எழுதுவதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தரும் கை, பழக்கத்தில் மரியாதையாகவே எழுதிவிடுகிறது. மனசுக்குள் வேறு மாதிரிதான் கூப்பிடுகிறேன்.

அவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். சுருக்கெழுத்துத் தேர்வு எழுதி, இருபத்திரண்டு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு டெல்லிக்கு வந்தவர். கோல் மார்க்கெட்டில் ஒரு பழைய குவார்ட்டர்ஸில் பின்பக்க அறையை நாலு பையன்கள் பங்கு போட்டுக்கொண்டு இருந்தார்கள். குளிர்காலத்தில் ஒரே ரஜாய்ப் போர்வைக்கு அடித்துக்கொள்வார்களாம். அந்தக் கஷ்டத்தை எல்லாம் அவர் சொல்லும்போது நான் கேலி செய்ததில்லை. அவருடைய சுருக்கெழுத்தையும் யாரும் குறை சொல்ல முடியாது. அதிகாரி வாயைத் திறப்பதற்கு முன்னால் எழுதி முடிப்பார் என்பார்கள். அந்தத் திறமையிலேயே படிப்படியாக ஏறி, பெரிய அதிகாரிகளுக்குத் தனிச் செயலாளர் ஆனார்.

ஆனால் அவரை வளர்த்தது சுருக்கெழுத்து இல்லை. அடுத்து அந்த நாற்காலியில் வரப்போவது யார் என்பதை எல்லோருக்கும் முன்னால் மோப்பம் பிடிப்பதில்தான் அவருடைய பிழைப்பே இருந்தது. மாற்றல் உத்தரவு வெள்ளிக்கிழமை மாலை வரும். சனிக்கிழமை காலை புது அதிகாரி வீட்டு வாசலில் பூங்கொத்தோடு ரத்தினவேல் நிற்பார். கேஸ் இணைப்பு ஆச்சா, பிள்ளைக்கு ஸ்கூல் பஸ் எங்கே நிற்கும், மாமியாருக்கு எந்த முட்டியில் வலி, எல்லாம் விசாரிப்பார். பழைய அதிகாரி அதே காலனியில் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பார். அந்தத் தெருப் பக்கமே ரத்தினவேல் போக மாட்டார். தீபாவளிக்கு யாருக்குக் காஜு கத்லி, யாருக்கு சோன்பாப்டி என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. இணைச் செயலாளருக்குக் குனிகிற அளவுக்குத் துணைச் செயலாளருக்குக் குனிய மாட்டார். முதுகிலேயே ஒரு சம்பள விகிதம் எழுதி வைத்திருக்கிற மனிதர்.

இதில் எனக்கு இன்னும் எரிச்சல், அவர் காசு வாங்க மாட்டார். ஒரு பைசா வாங்கியிருந்தால் திருட்டுப் பயல் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். காக்கா பிடிப்பதை அவர் ஒரு விரதம் மாதிரி, கைக்காசைப் போட்டுச் செய்தார்.

கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனால் கட்டாயம் கண்ணில் படுவார். ஒருமுறை அவர் படி ஏறிக்கொண்டிருந்தார், எதிரே வெங்கட்ராமன் இறங்கி வந்தார். வெங்கட்ராமன் ஒரு காலத்தில் ரத்தினவேலின் மேலதிகாரி. ஓய்வு பெற்று ஜனக்புரியில் மூட்டு வலியோடு இருந்தார். அவரைப் பார்த்த மறு நொடி ரத்தினவேல் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஹாஞ்ஜி சார், ஜீ சார், அபி கர்தா ஹூ சார்" என்று, இதோ செய்கிறேன் என்கிற தோரணையில், இந்தியில் பேச ஆரம்பித்தார். நான் இரண்டு படி கீழே நின்றேன். போன் திரையில் வெளிச்சமே இல்லை. வெங்கட்ராமன் பாதி கை கூப்பியவர், அதைத் தலையைக் கோதுவது போல மாற்றிக்கொண்டு இறங்கினார். சாமி சந்நிதியில் இப்படி ஒரு நடிப்பு. என் வாயில் வந்ததை எழுத முடியாது.

அவர் மனைவி மஞ்சு நல்ல மாதிரி. ஒருநாள் மன்றத்தில் வடை சுட்டுக்கொண்டே சொன்னாள், "அவருக்கு மனுஷங்க மூஞ்சி ஞாபகம் இருக்காதுக்கா. போஸ்ட்டுதான் ஞாபகம் இருக்கும்." அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. புருஷனுக்குச் சர்க்கரை என்று சொல்வதைப் போல ஒரு வியாதியாகச் சொன்னாள்.

இனி தர்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

ரத்தினவேலுக்கு முன்னால் மன்றத்துச் செயலாளராக இருந்தவர் தர்மன். ராசிபுரத்துக்காரர். செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்று, ஜனக்புரியில் எங்கள் பிளாக்கிலேயே மூன்றாவது மாடியில் ஆராயி அம்மாவோடு இருந்தார். ஒரே பெண், மெல்போர்னில். பொங்கல் விழா, பட்டிமன்றம் எல்லாம் அவர் காலத்திலும் நடந்தன. சுமாராகத்தான் நடந்தன. அவர் உயிரைக் கொடுத்துச் செய்தது வேறு ஒன்று. டெல்லியில் ஒரு தமிழர் வீட்டில் சாவு விழுந்தால் முதலில் தர்மனுக்குத்தான் சொல்வார்கள். ஊர் உறவெல்லாம் இரண்டு நாள் ரயிலுக்கு அந்தப் பக்கம். தூக்க ஆள் வேண்டும், மூங்கில் வேண்டும், மண்பானை வேண்டும், சுடுகாட்டில் இந்தியில் பேச ஆள் வேண்டும். தர்மன் மன்றத்து டேப்லெட்டை எடுத்து ஒரு மெயில் போடுவார். பெயர், வீடு, எடுக்கிற நேரம், அவ்வளவுதான் இருக்கும். அரை நாள் லீவு போட்டுவிட்டு நொய்டாவிலிருந்தும் குருகிராமிலிருந்தும் ஆட்கள் வந்துவிடுவார்கள். செத்தவரைப் பார்த்தே இராதவர்கள்கூட வருவார்கள். தர்மன் மெயில் வந்தால் போக வேண்டும், அது மன்றத்து வழக்கம்.

அந்த டேப்லெட்டில் முகவரிப் புத்தகம் என்று ஒன்றும் கிடையாது. தர்மனுக்கு அதெல்லாம் சேர்த்து வைக்கத் தெரியாது, தேவையும் இருக்கவில்லை. ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்துக்காரர்கள் எல்லாம் தாமாகவே வரிசையாக வந்து நிற்பார்கள். அவர் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டே போவார். ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்று எல்லோரையும் மறைவுக் கட்டத்தில்தான் போடுவார். ஆகவே டெல்லியில் யார் யார் தமிழர் சாவுக்கு வருவார்கள் என்பது அந்த ஒரு டேப்லெட்டுக்கு மட்டுமே தெரியும்.

முழங்கால் போய்விட்டது என்று தர்மன் விலகினார். ரத்தினவேல் போட்டியில்லாமல் செயலாளர் ஆனார். பெரிய அதிகாரிகளை மேடைக்குக் கொண்டுவருவார் என்று எல்லோருக்கும் ஆசை. கொண்டுவரவும் செய்தார். ஒரு பொங்கலுக்கு விக்ரம் மல்ஹோத்ரா என்ற இணைச் செயலாளரைச் சிறப்பு விருந்தினராக அழைக்க மெயில் போட்டார். முதல் எழுத்தைத் தட்டியதும் மேலே நின்ற பெயரை அவசரத்தில் தொட்டுவிட்டார். அது வெங்கட்ராமன். அழைப்பு வெங்கட்ராமனுக்குப் போயிற்று, மல்ஹோத்ராவுக்குப் போகவில்லை. பாவம் வெங்கட்ராமன், தன்னைத்தான் சிறப்பு விருந்தினராக அழைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, கோட்டுக்கு இஸ்திரி போட்டு, மனைவி பட்டுவையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். ரத்தினவேல் வாசலிலேயே அவரை மறித்து, "சார், ஒரு மிஸ்டேக் ஆயிடுச்சு" என்று எல்லோர் முன்னாலும் விளக்கம் சொன்னார். அப்புறம் அவரை நாலாவது வரிசையில் உட்கார வைத்தார். அடுத்த மாதம் வெங்கட்ராமன் மாரடைப்பில் போய்விட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் ரத்தினவேல் டேப்லெட்டை முழுசாகச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். கமிட்டிக் கூட்டம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் இருந்தேன். டீ குடித்துக்கொண்டு தர்மனும் இருந்தார், மரியாதைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ரத்தினவேல் கைக்கு வந்தபடி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். வருகிற பெயரைச் சத்தமாகப் படித்தார்.

"ரிடையர்ட்" என்றார். நீக்கினார்.

"இவரு சென்னைக்கே போயிட்டாரு." நீக்கினார்.

"இது யாரு? சும்மா கிளார்க்கு." நீக்கினார்.

தர்மன் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏனுங்க, அவங்க ரிடையர்தானுங்களே ஆனாங்க. செத்தா போயிட்டாங்க?"

"செத்தவங்களும் இருக்காங்க சார் இதுல. இங்க பாருங்க, வெங்கட்ராமன் சார். இதைக்கூட நீங்க எடுக்கலையே."

"அந்த மெயிலை பட்டும்மா பாக்கறாங்க. அவிக வருவாங்க."

"அந்தம்மா வந்து என்ன சார் பண்ணப் போறாங்க?" என்று சிரித்துக்கொண்டே கட்டைவிரலை அழுத்தினார்.

"எடுக்கறதுன்னா முதல்ல எல்லாத்தையும் வேற எங்கயாவது காப்பி பண்ணி வச்சுட்டு எடுங்க சார்" என்றேன் நான். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"அச்சா அச்சா, பண்ணிடலாம் மேடம்" என்றார். தலையை நிமிர்த்தவில்லை. அவருடைய 'பண்ணிடலாம்' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

தகரத்துக்கு வந்தபோது தர்மனின் பெயரே வந்தது. அவர் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். எந்த மனிதனும் அந்த இடத்தில் அதைத் தாண்டிப் போயிருப்பான். ரத்தினவேல், "உங்களுக்கு நேர்லயே சொல்லிடுவேனே சார்" என்றார். நீக்கினார்.

தர்மன் எழுந்தார். கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு, என்னோடு மெட்ரோவில் ஜனக்புரிக்குத் திரும்பினார். வழியெல்லாம் என் பெண்ணின் படிப்பைப் பற்றி விசாரித்தார். வீட்டிலும் அவர் இதைச் சொல்லவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கோ அன்றெல்லாம் அப்படி ஒரு ஆத்திரம்.

ரத்தினவேல் மன்றத்துக்கு வாட்ஸாப் குழுவும் ஆரம்பித்தார். அதில் சர்விஸில் இருப்பவர்களும், கமிட்டிக்காரர்கள் நாங்கள் சிலரும்தான். அவர் மட்டும்தான் அதில் எழுத முடியும். பெரும்பாலும் அதிகாரிகளின் பிறந்தநாள் வாழ்த்து.

போன தை மாதம், பனி மூடிய ஒரு காலையில் ஆராயி அம்மா என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் தர்மனின் போன்.

"கண்ணு, அவரு எந்திரிக்கலை. நீ வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். தூக்கத்திலேயே போயிருந்தார். டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். பெண்ணுக்கு நான்தான் பேசினேன். அவள் கிளம்பி வந்து சேர இரண்டு நாளாகும். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்க ஆராயி அம்மாவுக்கு மனசில்லை. "அவருக்குக் குளிரு ஆகாது கண்ணு. இன்னைக்கே எடுத்துரலாம்" என்றார். பெண்ணும் அழுதுகொண்டே சரி என்றாள். என் கணவர் ப்ரசன்னா வண்டிக்கும் மயானத்துக்கும் சொல்லப் போனார்.

ஆராயி அம்மா அழவில்லை. தர்மனின் வேட்டியைச் சரி செய்துகொண்டே என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"மன்றத்துல சொல்லி ஒரு மெயிலு போடச் சொல்லு கண்ணு. அவரு போகாத சாவு இந்த டெல்லியில இல்ல. ஒரு மெயிலு போட்டா எல்லாரும் வந்துருவாங்க. நாலு பேரு தோள்ல அவரு போகோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

தர்மனின் போனைத் திறக்கும் எண் ஆராயி அம்மாவுக்குத் தெரியவில்லை. பழைய ஆட்களில் என்னிடம் எண் இருந்தது இரண்டே பேருடையது. பத்மநாபன் மதுரையில் பிள்ளை வீட்டில் இருந்தார், போனிலேயே விம்மினார். இஸ்மாயில் பாயின் எண்ணை இப்போது யாரோ ஒரு பஞ்சாபிக்காரர் வைத்திருந்தார். கமிட்டியில் மற்றவர்கள் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. என் மெயிலில் தர்மனுடைய பழைய துயரச் செய்திகள் ஏராளமாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் என் முகவரி மட்டுமே தெரிந்தது. மற்றவர்களை அவர் மறைத்துத்தானே போடுவார்!

ரத்தினவேலுக்குப் போன் செய்தேன். வந்துவிட்டார். இதையெல்லாம் அவர் தாமதிக்க மாட்டார். வெள்ளைச் சட்டை, ஸ்வெட்டர், அக்குளில் டேப்லெட். தர்மனுக்கு மாலை போட்டார், ஆராயி அம்மாவைக் கும்பிட்டார், மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"தர்மன் சார் கடைசியா எந்த போஸ்ட்ல ரிடையர் ஆனாரு மேடம்?"

"செக்ஷன் ஆபீசர். ஏன்?"

முகம் கொஞ்சம் தொங்கியது. "பரவால்ல. முன்னாள் மூத்த அதிகாரின்னு போட்டுடறேன்."

ஆங்கிலத்தில் அடித்தார். ஆழ்ந்த துயரம், ஈடு செய்ய முடியாத இழப்பு என்று வழக்கமான வார்த்தைகள். தர்மனின் வீட்டு விலாசம் ஒரு வரி. கடைசியில் தன் பெயர், பதவி, அலுவலகம், அறை எண், போன் எண் எல்லாம் ஐந்து வரி. பிறகு எழுத்து எழுத்தாகத் தட்டினார். மல்ஹோத்ரா வந்தார். கன்னா மேடம் வந்தார். ஏதோ ஒரு கூடுதல் செயலாளர் வந்தார். "இவருக்கு எழுதறதுக்கு ஒரு சாக்கு கிடைக்கலைன்னு இருந்தேன்" என்று வாய்விட்டே சொன்னார். மேலே பிணம் கிடக்கிறது!

"தமிழ் ஆளுங்க எங்க சார்? பழைய ஆளுங்க?" என்றேன்.

"அதெல்லாம் இல்லையே மேடம். அப்பவே எடுத்தாச்சே."

"காப்பி?"

அவர் திரையை ஸ்வெட்டர் நுனியால் துடைத்தார்.

"அனுப்பின மெயில் எல்லாம் உள்ள இருக்குமே, அதுல பாருங்க."

"அதையும் காலி பண்ணிட்டேன். ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு காட்டிட்டே இருந்துது."

அந்த டேப்லெட்டைப் பிடுங்கி மூன்று மாடிக்குக் கீழே எறியலாமா என்று நிஜமாகவே தோன்றியது. அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் 'அனுப்பு' என்பதைத் தட்டினார்.

பதில்கள் வந்தன, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். மல்ஹோத்ரா, "நோட்டட்" என்று ஒற்றைச் சொல் போட்டிருந்தார். இன்னொருவர் பயிற்சிக்காக ஹைதராபாத்தில் இருப்பதாக அவருடைய மெயிலே தானாகப் பதில் சொன்னது. கன்னா மேடம் அந்தச் சாவுச் செய்தியை அப்படியே கீழே ஒரு பிரிவுக்குத் தள்ளி, தக்க நடவடிக்கை எடுக்கவும் என்று எழுதியிருந்தார். அந்தப் பிரிவிலிருந்து ஒரு குமாஸ்தா போன் செய்து, என்ன நடவடிக்கை, ஃபைல் நம்பர் உண்டா என்று கேட்டார். ரத்தினவேல் எழுந்து நின்று அவருக்கு மரியாதையாக விளக்கம் சொன்னார். போனை வைத்துவிட்டு என் பக்கம் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார்.

"பாத்தீங்களா மேடம்? கன்னா மேடமே நேரடியா ஆக்ஷன் எடுத்திருக்காங்க."

அந்த முகத்தில் உண்மையான சந்தோஷம். அதைப் பார்த்தபோது உடம்பெல்லாம் கூசியது. கரப்பான் பூச்சி காலில் ஏறினாலும் எனக்கு அப்படிக் கூசியதில்லை.

வண்டி வந்துவிட்டது. எங்கள் பிளாக்கில் லிஃப்ட் கிடையாது. குறுகலான படி, ஒவ்வொரு மாடியிலும் திருப்பம், நாலு பேர் இல்லாமல் பாடையை இறக்க முடியாது. ப்ரசன்னா இருந்தார். கீழ் வீட்டு குல்தீப் சிங் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். வண்டி ஓட்டுநர், தானும் ஒரு கை கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, "ஜல்தி கரோ பையா, அடுத்த சவாரி இருக்கு" என்று இந்தியில் முணுமுணுத்தார். அவ்வளவுதான். ஆராயி அம்மா பால்கனிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தார். கீழே காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். வேறு யாரும் வரவில்லை.

கடைசியில் அவர் ரத்தினவேலிடம் வந்தார்.

"ஏனுங்க, மெயிலு போட்டீங்களா?"

"போட்டேம்மா. எல்லாருக்கும் போட்டேன்."

"எல்லாருக்குமுங்களா?"

"எல்லாருக்கும்." பெருமூச்சு விட்டார். "நாம என்னம்மா பண்றது? மனுஷங்க இப்ப அப்படி ஆயிட்டாங்க. ரிடையர் ஆயிட்டா யாரு வர்றா?"

ஆராயி அம்மா உள்ளே திரும்பித் தர்மனைப் பார்த்தார். அத்தனை நேரம் நிமிர்ந்து நின்ற மனுஷி அப்போதுதான் குறுகிப் போனார். "யாருமே வரலையே. அப்படி என்னங்க பாவம் பண்ணுனாரு அவரு?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"பொய்ம்மா. இவர் சொல்றது அத்தனையும் பொய்" என்றேன். "யாருக்கும் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தா இந்தப் படி கொள்ளாது. ரிடையர் ஆனவங்க பேரு, செத்தவங்க பேரு, சாதாரண ஆளுங்க பேரு எல்லாத்தையும் அந்த டேப்ல இருந்து இவர்தான் எடுத்துப் போட்டாரு. அவர் கண்ணு முன்னாலயே அவர் பேரையும் எடுத்தாரு. நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். இன்னைக்கு மெயில் போனதெல்லாம் தர்மன் சார் யாருன்னே தெரியாத ஆபீசருங்களுக்கு."

"மேடம், இந்த நேரத்துல இதெல்லாம் எதுக்கு..." என்று ரத்தினவேல் ஆரம்பித்தார்.

ஆராயி அம்மா அவரையே பார்த்தார். பிறகு, "அப்ப அவிகளுக்குத் தெரியாது" என்றார், தனக்குள் சொல்லிக்கொள்வது போல. "தெரிஞ்சு வராம இருக்கலை." அவர் முதுகு மறுபடி நிமிர்ந்தது.

ஓட்டுநர் அவசரப்படுத்தினார். ப்ரசன்னாவும் குல்தீப் சிங்கும் முன் பக்கம் குனிந்தார்கள். பின்னால் ஓட்டுநர் ஒரு பக்கம் பிடித்தார். மற்றொரு பக்கம் காலியாக இருந்தது. ரத்தினவேல் டேப்லெட்டை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அதைச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"நான் புடிக்கறேன், தள்ளுங்கம்மா."

"வேண்டாமுங்க" என்றார் ஆராயி அம்மா.

"அம்மா, ஆள் இல்லையே. நான் மன்றத்துச் செயலாளர், இது என் கடமை..."

"நீங்க யாருன்னு தெரியுமுங்க. அதனாலதான் வேண்டாங்கறேன். அவரைத் தொடாதீங்க."

குல்தீப் சிங்குக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நடுவில் கையை நீட்டி ரத்தினவேலைப் பின்னால் தள்ளி நிறுத்தினார். ஆராயி அம்மா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஓட்டுநருக்கு எதிர்ப் பக்கம் குனிந்து மூங்கிலைத் தூக்கித் தோளில் வைத்தார். எழுபது வயதைத் தாண்டிய மனுஷி. பெண் தூக்கலாமா என்று கேட்க அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. நான் ஓடிப்போய் அவருக்குப் பின்னால் என் தோளையும் கொடுத்தேன்.

"மெதுவா போங்க கண்ணு. அவருக்கு முழங்கால் வலி" என்றார், முன்னால் போகிறவர்களைப் பார்த்து.

திருப்பங்களில் சுவர் என் முழங்கையைத் தேய்த்தது. ஒவ்வொரு மாடியிலும் ப்ரசன்னா நின்று, "கொஞ்சம் இறக்கி வச்சுக்கலாமாம்மா?" என்று கேட்டார். ஆராயி அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கீழே வண்டி வரைக்கும் அவர் தோளை மாற்றவில்லை.